கஸ்பாரின் முகம்

“என்னடா, குடிச்சிட்டுக் கல்லு மாதிரி நிக்கிற? ஏதாவது சொல்லு,” என்றான் ரெமி.

“என்ன சொல்றது? ஒயின்தான், சந்தேகமே இல்ல,” என்றான் கஸ்பார்.

ரெமிக்குச் சிரிப்பு வரவில்லை. பிரான்ஸில் நாந்த் நகரத்துக்குத் தெற்கே இருந்த அந்த ஊரில் இருவருக்கும் அடுத்தடுத்துத் திராட்சைத் தோட்டம். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அடி வாங்கியவர்கள். எதிரே ரெமியின் பெரிய தொட்டியில், குளிர்காலம் முழுக்க அடிமண்டியோடு கிடந்த முஸ்கதே. துளிகூட இனிப்பில்லாத வெள்ளை ஒயின். சீக்கிரம் எடுத்தால் சப்பென்று இருக்கும், தாமதித்தால் கெட்டுவிடும். பாட்டிலில் அடைக்கும் எந்திரம் பொருத்திய லாரி வேறு காலையிலிருந்து முற்றத்தில் நின்றது. தப்பாக முடிவெடுத்தால் ஒரு வருஷத்துப் பிழைப்பு போச்சு.

“லாரிக்காரர் ரெண்டு தடவை எட்டிப் பார்த்துட்டாரு. அடைக்கச் சொல்லு, இல்ல அனுப்பிவிடு. போன வருஷம் தங்கப் பதக்கம் வாங்கின பெரிய மனுஷன், என்னைப் போய்க் கேக்குற,” என்றான் கஸ்பார்.

ரெமி போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

“அந்தப் பதக்கம் என்னுது இல்லடா. உன்னுது.”

“காலையிலேயே ஏத்திட்டியா?”

“கேளுடா. ரெண்டு வருஷம் முன்னாடி ஊரையே படுக்கப் போட்ட காய்ச்சல் வந்துச்சே, அதுல எனக்கு மூக்கு போச்சு. வாசனையும் தெரியாது, ருசியும் தெரியாது. பரிசோதனைக் கூடத்துல புளிப்பு எவ்வளவுன்னு சொல்லுவாங்க, ருசியையா சொல்லுவாங்க? வீட்டுலகூட மூச்சு விடல. ஒயின்காரனுக்கு நாக்கு செத்துப்போச்சுன்னு தெரிஞ்சா எவன் வாங்குவான்?”

எப்போதும் ஏதாவது நக்கலடிக்கும் கஸ்பார் கோப்பையைக் கீழே வைத்தான்.

“தினம் காலைல உன்னைக் கூப்பிட்டு ஒரு கோப்பை நீட்டுறேனே, எதுக்குன்னு நெனச்ச? உன் மூஞ்சியப் பார்க்கத்தான். நீ உம்முனு இருந்தா தொட்டியத் தொடவே மாட்டேன். போன வருஷம் ஒருநாள் குடிச்சிட்டு முகமெல்லாம் பூரிச்சுப் போய்ச் சிரிச்ச பாரு, அன்னைக்கே அடைச்சேன். அதுக்குத்தான் பதக்கம் கெடச்சது. என் குடும்பம் தலை நிமிர்ந்து நிக்குதுன்னா உன்னாலதான்டா.”

ரெமி கஸ்பாரின் கையைப் பிடித்துக்கொண்டான். இத்தனை நாள் உள்ளேயே வைத்திருந்த நன்றியைச் சொல்லிவிட்டதில் நெஞ்சு லேசானது.

“இன்னைக்கு உன் மூஞ்சியில ஒண்ணும் தெரியல. அதான் வாய்விட்டுக் கேக்குறேன். அடைக்கலாமா?”

கஸ்பார் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிடித்த கையை விடவில்லை.

“எனக்கும் அதே காய்ச்சல்தான்டா. ரெண்டு வருஷமா உன் மூஞ்சியப் பார்த்துட்டுப் போய்த்தான் நான் என் ஒயின அடைக்கிறேன்.”

ரெமி கையை உருவிக்கொண்டான்.

“அப்போ, அன்னைக்கு அப்படிச் சிரிச்சியே?”

“ஒயினுக்கா சிரிச்சேன்? கோப்பையக் கையில குடுத்துக்கிட்டே, உனக்குப் பேத்தி பொறந்த விஷயத்தைச் சொன்னியேடா, அதுக்கு.”