சாட்சிக் கையெழுத்து

பத்து வயதாகாத பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து லூசியானாவில் விற்கச் சட்டம் விடாது என்று அடிமை ஹெஸ்டருக்குச் சொன்னவரே போதகர்தான். அந்தத் தைரியத்தில்தான், ஏழு வயது மகள் மில்லியை வியாபாரி துறைமுக அலுவலகத்துக்கு இழுத்துப்போனபோது அவள் அழாமல் பின்னாலேயே போனாள். வியாபாரி நீட்டிய தாளைக் குமாஸ்தா உரக்கப் படித்தார்: “தாய் காலமாகிவிட்டாள்.”

“நான்தான் தொர இவ அம்மா! உசுரோட உங்க முன்னால நிக்கிறேனே!”

“போதகரே சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்காரு” என்றபடி குமாஸ்தா முத்திரையைக் குத்தினார்.

ஹெஸ்டர் திரும்பிப் பார்த்தாள். வாசலில் நின்றிருந்த போதகர், அவள் முகத்தைப் பார்க்காமல் தொப்பியைக் கழற்றினார். அடிமைகளைப் புதைக்கும்போது மட்டும்தான் அவர் அதைக் கழற்றுவார்.