எழுபதுக்கு எத்தனை?

"இந்த மாசம் வேண்டாம் ஸார். அமெரிக்காவுல இப்போ கிரேடிங் ரொம்பக் கறாரா இருக்காளாம். கொஞ்சம் பொறுங்கோ" என்று பட்டாபிராமன் கூசாமல் பொய் சொன்னார். சொல்லிவிட்டு, எதிரே இருந்தவர் நம்பினாரா என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

கிருஷ்ணஸ்வாமி நம்பினார். எப்போதும் நம்புகிற மனுஷர் அவர். பிம்ப்ரி மருந்துத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் சாங்வியிலிருந்து இரண்டு பஸ் மாறி, பூனா லக்ஷ்மி ரோடு சந்தில் இருக்கும் இந்த நாணயக் கடைக்கு வந்துவிடுவார்.

கூடவே ஒரு நீல வெல்வெட் டப்பாவும் வரும். எண்பதுகளில் பம்பாய் மின்ட்டிலிருந்து நேரே வாங்கிய நான்கு வெள்ளி புரூஃப் நாணயங்கள் அதற்குள். சேகரிப்பவர்களுக்கென்றே விசேஷமாக அச்சடித்தவை, முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அப்படிப் பளபளக்கும்.

அவற்றை அமெரிக்காவுக்கு அனுப்பினால் தரம் பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக்கில் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். மார்க் நன்றாக வந்தால் விலை எங்கேயோ போய்விடும். அனுப்பலாமா, வேண்டாமா? இந்த ஒரே கேள்வியை இருவரும் மூன்று வருஷமாக மென்றுகொண்டிருந்தார்கள்.

பட்டாபிராமன் ஏமாற்றுக்காரர் இல்லை. அந்த நாணயங்கள் மேல் அவருக்கு ஒரு கண்ணும் இல்லை. மனைவி போனபிறகு கடைக்கு மேலே ஒற்றை அறையில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

திங்கள் முதல் சனி வரை அவரிடம் வாய் திறப்பவர்கள் "கித்னே கா ஹை?" என்று விலை கேட்டுவிட்டு நடையைக் கட்டுகிறவர்கள். தமிழில் நாலு வார்த்தை பேச ஞாயிறு வர வேண்டும். அன்று கடைக்கு விடுமுறை. ஆனாலும் பாதி ஷட்டரைத் தூக்கி வைத்து, பிளாஸ்க்கில் காபியோடு காத்திருப்பார்.

நாணயம் அமெரிக்கா போய்விட்டால் இந்த மனுஷருக்கு இங்கே என்ன வேலை? அதனால் ஒரு வாரம் வெள்ளி விலை சரியில்லை, மறு வாரம் டாலர் சரியில்லை. டப்பாவைத் திறக்கவே விடமாட்டார். "மூடியே இருக்கட்டும் ஸார், பூனா காத்துக்குக் கறுத்துடும்" என்பார்.

முதல் வருஷம் கிருஷ்ணஸ்வாமி டப்பாவைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இப்போதெல்லாம் காய்கறிப் பையில், சுரைக்காய்க்கு அடியில் கிடக்கிறது. பழகினால் எல்லாம் அப்படித்தான் என்று பட்டாபிராமன் நினைத்துக்கொள்வார்.

"அப்போ அடுத்த ஞாயிறு பாக்கலாம்" என்று கிருஷ்ணஸ்வாமி டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். முகத்தில் ஒரு நிம்மதி.

அந்த நிம்மதிதான் பட்டாபிராமனைக் குத்தியது. மேஜை இழுப்பறையில், அமெரிக்காவுக்கு நாணயம் அனுப்பிவைக்கும் மும்பை ஏஜென்ட்டின் கடிதம் மூன்று நாளாகக் கிடந்தது. இதே மாதிரி நான்கு நாணயங்கள், எழுபதுக்கு அறுபத்தெட்டு வாங்கியவை, போன மாதம் ஏலத்தில் நல்ல விலைக்குப் போயிருக்கின்றன. தன் தனிமைக்காக இன்னொருவர் சொத்தை முடக்கி வைத்திருக்கிறோமே என்று அவருக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

"ஸார், உக்காருங்கோ. இன்னிக்கே ஃபாரம் எழுதி, நாளைக்கு அனுப்பிடலாம்."

கிருஷ்ணஸ்வாமியின் முகம் விழுந்துவிட்டது. "எதுக்கு அவசரம்? டாலர் இன்னும் கொஞ்சம் பாத்துக்கலாமே."

"பாத்தது போறும்."

"கறாரா இருக்காள்னேளே, இப்போதானே சொன்னேள்?"

"அது பொய்."

"மழைக்காலம் வேற. தொறந்தா கறுத்துடும்னு நீங்கதானே..."

"அதுவும் பொய் ஸார்." பட்டாபிராமன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "மூணு வருஷமா வாய்க்கு வந்ததச் சொல்லிண்டிருக்கேன். காசு அமெரிக்கா போயிடுத்துன்னா நீங்க வரமாட்டேள். எனக்கு வேற யாரும் வரதில்லை. வெக்கத்த விட்டுச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோங்கோ."

கிருஷ்ணஸ்வாமி பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டப்பாவக் குடுங்கோ. ஃபாரம் பூர்த்தி பண்ணணும், ஒவ்வொண்ணா எடுத்து வருஷம் பாத்து எழுதணும்" என்று பட்டாபிராமன் கையை நீட்டினார்.

கிருஷ்ணஸ்வாமி பைக்குள் கையை விட்டார். சுரைக்காயை ஒதுக்கி, டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஆனால் மூடிமேல் வைத்த கையை மட்டும் எடுக்கவில்லை. உதடு ஒருமுறை கோணி, நேராயிற்று.

"உள்ள இருந்ததெல்லாம் பொண்ணு ரெண்டு வருஷம் முன்னாடியே எடுத்துண்டு போயிட்டா ஸார். அடுத்த ஞாயிறு வெறுங்கையோட வந்தா காபி உண்டோ?"