பத்துக்குச் சைபர்

முதலில் வம்புக்கு வந்தது போஸ்ட்மாஸ்டர்தான். அதை லாரிக்காரர் எந்தச் சபையிலும் சொல்வார்.

"படிக்காத ஆளு. பேப்பரைத் தலைகீழாப் புடிச்சு நிரப்பியிருப்பாரு" என்று பத்துப் பன்னிரண்டு பேர் நடுவில் சொன்னார் அந்த மனுஷன். மூன்று மாதம் ஆகிறது. இன்றுவரை ஒரு மன்னிப்பு இல்லை.

விஷயம் இதுதான். முதியோர் இல்லத்துக் கூடத்தில் ஒரு சுவர் முழுக்கத் திரை கட்டி, வியாழக்கிழமைதோறும் காடு காட்டினார்கள். ஆறு ஓடும், இலை அசையும், நாலு மூலையிலிருந்தும் பறவை கத்தும். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும் பெரியவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பார்த்து, நாலு வார்த்தை பேசிக்கொள்ளட்டும் என்று ஓர் ஆராய்ச்சிக்காரம்மா செய்த ஏற்பாடு.

முடிந்ததும் ஆளுக்கொரு தாள் கொடுப்பார். மற்றவர்களோடு பேசிப் பழக மனம் வருகிறதா, பத்துக்கு எவ்வளவு?

எல்லோரும் எட்டு, ஒன்பது போடுவார்கள். லாரிக்காரர் மட்டும் வாராவாரம் சைபர். ஆனால் முன்வரிசையில் இடம் பிடிக்கிற முதல் ஆள் அவர்தான். மீன்கொத்தி முங்கி எழுந்தால் "புடிச்சுட்டான்டா!" என்று கை தட்டுவார். தாள் வந்தால் சைபர்.

இன்று கடைசி வியாழன். திரை இருக்குமா போகுமா என்பது இன்றைய தாளைப் பார்த்துத்தான் முடிவாகும் என்று சொல்லிவிட்டார் வார்டன்.

அவ்வளவுதான், ஆளாளுக்கு லாரிக்காரரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அண்ணே, இன்னிக்கு ஒரு நாள் மனசு வைங்க. உங்களால எங்க எல்லாருக்கும் போயிடும்" என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

"என் தாளு, என் இஷ்டம்."

"அப்ப வாராவாரம் முன்னாடி உக்காந்து கை தட்டுறது யாரு, உங்க ஆவியா?"

"தட்டுறது கை. மார்க் போடுறது மனசு. ரெண்டையும் குழப்பாதீங்க."

போஸ்ட்மாஸ்டர் எழுந்து வந்தார். மூடியைக் கழற்றிப் பேனாவை நீட்டினார்.

"யோவ், அந்தச் சைபருக்கு முன்னாடி ஒரே ஒரு கோடு இழு. பத்தாயிடும். அதுகூடவா தெரியாது?"

"முப்பத்தெட்டு வருஷம் லாரி ஓட்டினவன்யா நான். பின்னாடி எத்தனை பேர் ஹாரன் அடிச்சாலும் என் வேகத்துலதான் போவேன்."

"கல்நெஞ்சுக்காரா!" என்று கத்தினார் போஸ்ட்மாஸ்டர். "இந்த ஒரு வியாழக்கிழமைக்காகத்தான்யா நான் மத்த ஆறு நாளையும் தள்ளுறேன்!"

லாரிக்காரர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தாளை மடியில் வைத்து, எல்லோரும் பார்க்க, லாரிச் சக்கரம் மாதிரி ஒரு சைபர் போட்டார்.

ஆராய்ச்சிக்காரம்மா தாள்களோடு வார்டன் அறைக்குப் போய், போனில் பேசிவிட்டுத் திரும்பினார்.

"திரை இங்கேயே இருக்கும். இன்னும் ஆறு மாசத்துக்கு!"

யாருக்கும் புரியவில்லை.

"முன்னாடியே சொன்னா மார்க்கை மாத்திப் போடுவீங்கன்னுதான் சொல்லல. எல்லாரும் தேறிட்டா இதைக் கழட்டி வேற இல்லத்துக்குக் கொண்டு போகணும். ஒருத்தர் தேறலைன்னாலும் தொடரணும். இங்க ஒருத்தர் இன்னும் சைபர்லயே நிக்கிறாரே!"

கூடமே சிரித்தது. டைப்பிஸ்ட் அம்மா, "நல்லவேளை அண்ணே, நீங்க உருப்படல!" என்றார்.

"குருட்டு அதிர்ஷ்டம்" என்றார் போஸ்ட்மாஸ்டர். சொல்லிவிட்டு, பக்கத்து நாற்காலிக்காரரோடு மீன்கொத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டே நடந்துவிட்டார். மன்னிப்பாவது, மண்ணாங்கட்டியாவது.

எல்லோரும் போனபின் ஆராய்ச்சிக்காரம்மா லாரிக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஐயா, மறைக்காம சொல்லுங்க. இந்த விதி உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?"

"முதல் வாரம் நெசமாவே சைபர்தாம்மா. வாசனை இல்லாத காடு, எனக்குப் புடிக்கல. அன்னிக்கு நீங்க வராந்தாவுல நின்னு போன்ல பேசினீங்க. காதுல விழுந்துச்சு."

"இப்ப உண்மையில எவ்வளவு?"

"பத்துக்குப் பதினொண்ணு."

"அப்புறம் ஏன் இத்தனை பேர்கிட்டத் திட்டு வாங்கிக்கிட்டு..."

"போஸ்ட்மாஸ்டர் சம்சாரம் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷமாச்சு. அன்னியிலருந்து அந்த ஆளு எங்க யார்கிட்டயும் வாயே திறக்கல. முதல் வாரம் இந்தக் காட்டுக்கு முன்னாடி உக்காந்துதான் திறந்தாரு. திறந்ததும் என்னைத்தான் திட்டினாரு."

அந்தம்மா அந்தச் சைபர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அவர்கிட்ட நான் சொல்லட்டுமா ஐயா?"

"மூச்சு விடக்கூடாது!" லாரிக்காரர் விருட்டென்று எழுந்தார். "இப்பத்தான் திட்டுற அளவுக்குப் பேச்சு வந்திருக்கு. மன்னிப்புக் கேக்குற அளவுக்கு வரட்டும். அதுவரைக்கும் நான் சைபர்தான் போடுவேன்."