இரண்டாவது திரை

கலியாண வீடியோ வெட்டும் கஜனி, மடிக்கணினிக்கு வெளியே பூட்டும் கிராபிக்ஸ் கார்ட் ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தாள். மொனிற்றர் வயரை எதில் கொடுப்பதென்று கடைக்காரப் பிரதீபனிடம் போனில் கேட்டாள்.

“கார்டுக்கே குடுங்கோ அக்கா. லப்டொப்புக்குக் குடுத்தா, கார்டுக்குப் போன படம் லப்டொப்புக்கு வந்துதான் திரைக்குப் போகவேணும். பிந்தும்.”

“குடுத்திட்டன் தம்பி. ரெண்டு திரை எண்டு காட்டுது. என்னட்ட ஒண்டுதானே இருக்கு. லப்டொப்பையும் மூடிப்போட்டன்.”

“சும்மா பேய்க்காட்டுது, விடுங்கோ.”

அவளுக்கு வலப்பக்கக் கதிரையில் இருந்து நிறம் திருத்துவது கணவன் கிருசாந்தனின் வேலை. அவன் செத்த பிறகு கூறைச்சேலையின் சிவப்பு அவளுக்குச் சரிவரவேயில்லை. பின்னேரம் வீடியோ வாங்கப் பெண்வீட்டார் வந்துவிடுவார்கள். அலுப்பில், தாலி கட்டும் காட்சியை வலப்பக்கம், இல்லாத திரைக்கு இழுத்துவிட்டாள். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து திரும்ப இழுத்தாள்.

சிவப்பு சரியாக இருந்தது.

மிச்சக் காட்சிகளையும் அந்தப் பக்கம் தள்ளினாள். பிறகு எழுந்து, வலப்பக்கக் கதிரையில் குவிந்து கிடந்த உடுப்புகளை எடுத்து அலுமாரியில் வைத்தாள்.