பச்சை ஒளி வந்து சேர்ந்தது

வானத்தின் மங்கலான பச்சை ஒளியைப் படமெடுக்கும் கருவியில் ஒரு பெரிய லென்ஸ் இருந்தது. படத்தை அகலமாக விரிப்பதில் அதற்குப் பெருமை. பழைய படத்தகடு போய், அந்த இடத்துக்கு ஒளியைப் பதிக்கும் நகத்தளவு சென்சார் ஒன்று வந்தது.

"ஏனப்பா இப்படிக் குளிரில் கிடக்கிறாய்?" என்று லென்ஸ் கேட்டது.

"சூடானால் என் இரைச்சல்தான் எனக்குக் கேட்கும், அக்கா. அந்த ஒளியோ மெல்லத்தான் பேசும். அதிலும் நீ படத்தை அகலமாக விரிப்பதால் பாதி எனக்கு வெளியே சிந்திவிடுகிறது."

லென்ஸுக்கு நெஞ்சு கனத்தது.

மறுநாள் இருவருக்கும் நடுவில் ஒரு குட்டி லென்ஸைப் பொருத்தினார்கள். "நான் வந்ததால் உங்கள் படம் சிறுத்துவிடுமே" என்று அது தயங்கியது.

"சிறுக்கட்டும். நன்றாக உட்கார்" என்றது பெரிய லென்ஸ்.

அன்று பச்சை ஒளி சிந்தாமல் வந்து சேர்ந்தது.

"என்ன சொல்கிறது?" என்று பெரிய லென்ஸ் ஆவலாகக் கேட்டது.

"அவசரப்படுத்தாதே, அக்கா. இப்போதுதான் வந்திருக்கிறது" என்றது சென்சார்.