சிரிக்காத சீஸ்காரர்

"பயப்படாதீங்க சார், விழுந்தது குடைதான். கூரை இல்லை."

ஸ்டூடியோ விளக்குக்கு முன்னால் விரித்து வைக்கும் வெள்ளைக் குடை. வயரில் கால் மாட்டி அதைத் தள்ளிவிட்ட புண்ணியவான் நான். அது வந்தவரின் தலையில் பந்தல் மாதிரி கவிழ்ந்திருந்தது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"பரவாயில்லை தம்பி. படத்துல சிரிப்பு வந்தா போதும். இல்லேன்னா காரியமே கெட்டுடும்."

வயது அறுபதைத் தொடும். புதுச் சட்டை. காலருக்குள் இருக்கும் அட்டையைக்கூட எடுக்காமல் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

குடையை நிமிர்த்திவிட்டு, "சீஸ் சொல்லுங்க சார்" என்றேன்.

"சீஸ்" என்றார். உடனே நெற்றி சுருங்கியது. "குளிர் அறைக் கதவைச் சாத்தினேனா?"

சொந்தமாகச் சீஸ் செய்து விற்கிறவராம். ஊருக்கெல்லாம் சிரிப்பு வரவழைக்கும் சொல், இவருக்குத் தொழில் கவலை!

"எங்க வீட்டு ஃபிரிட்ஜ்லயும் ஆறு மாசமா அதுதான் சார். முட்டைக்கு இடமில்லாம வெளியில உட்கார்ந்திருக்கு" என்றேன், பேச்சு கொடுக்க. அவருக்கு ஏனோ இருமல் வந்தது.

"சரி, தமிழ்ல சொல்லுங்க. பாலாடைக்கட்டி."

"பா..." என்று வாயைத் திறந்தார். அவசரப்பட்டுக் கேமரா பொத்தானை அமுக்கிவிட்டேன். பல் டாக்டருக்கு அனுப்ப வேண்டிய படம் அது.

"முடிக்க விடுங்க தம்பி! கடைசி 'ட்டி'யிலதானே பல்லு தெரியும்?"

மறுபடி ஆரம்பித்தார். "பாலாடை..." பாதியில் நின்றது. "அது சரி, இதுல ஆடை எங்க இருக்கு? பாலைத் திரிய வச்சு, தண்ணியை வடிச்சு, அழுத்தி எடுக்கிறது. பேரு வச்சவர் பாலைக் காய்ச்சினதோட எழுந்து போயிட்டார் போல. அப்புறம், 'கட்டி'ன்னு பலகை மாட்டினா எவன் வாங்குவான்? டாக்டரைத்தான் தேடுவான்."

"அப்ப சீஸுக்கு என்ன சார் மூலம்?"

"லத்தீன்ல 'காசெயுஸ்'."

"அதான் காசு இல்லாம கிடைக்க மாட்டேங்குது!"

ஊஹும். இதற்கும் சிரிக்கவில்லை.

"படம் யாருக்கு சார்? பாஸ்போர்ட்டுன்னா சிரிக்கவே வேண்டாமே."

"ஒருத்தங்களுக்கு."

"பொண்ணு பார்க்கவா?" என்றேன் விளையாட்டாக. காது சிவந்துவிட்டது மனுஷனுக்கு.

"மனைவி போய் எட்டு வருஷமாச்சு தம்பி. இவங்களும் தனியாத்தான்... கடைக்கு வருவாங்க. வாங்குறது கால் கிலோ, அர்த்தம் கேட்கிறது அரை மணி நேரம். இந்தப் பேரு எங்கிருந்து வந்துது, அந்தப் பேருக்கு என்ன பொருள்னு. அவங்க கேட்பாங்கன்னே நான் அகராதி வாங்கிப் படிச்சேன்."

"அப்புறம் என்ன தயக்கம்?"

"அவங்களுக்கு ஒரு பையன் இருக்கான். அவன் என்ன சொல்வானோ!"

எனக்கு வீரம் வந்துவிட்டது. அடுத்த வீட்டு விஷயம் என்றால் எனக்கு எப்போதுமே முற்போக்கு கொஞ்சம் அதிகம்.

"குறுக்க நிக்க அவன் யாரு சார்? என்கிட்ட அனுப்புங்க. நறுக்குன்னு நாலு கேள்வி கேட்கிறேன்!"

"அவசியம் கேளுங்க" என்றார் பணிவாக.

"அது இருக்கட்டும், அவங்க முதல்ல எந்தப் பேருக்கு அர்த்தம் கேட்டாங்க?"

"ரிக்கோட்டா. இத்தாலியில 'மறுபடி காய்ச்சினது'ன்னு அர்த்தம். சீஸ் எடுத்தப்புறம் மிஞ்சுற தண்ணியை, இனிமே இதுல என்ன இருக்குன்னு கொட்டிடுவோம். அதையே திரும்ப அடுப்புல வச்சா, மெத்துன்னு வெள்ளையா இன்னொண்ணு திரண்டு வரும். இதைச் சொன்னதும் அவங்க கேட்டாங்க, 'மனுஷங்களுக்கும் அப்படி உண்டா?'ன்னு..."

சிரித்தார். முகம் முழுக்க, கண் வரைக்கும். அமுக்கிவிட்டேன்.

திரையைத் திருப்பிக் காட்டினேன். இந்தப் படத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல ஒருத்தி பிறந்திருக்க முடியாது.

"சரி சார், இதை யாருக்கு அனுப்பணும்? இப்பவாவது சுத்தி வளைக்காம சொல்லுங்க."

அவர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"உங்க அம்மாவுக்கு, தம்பி. 'என் பையன் எடுக்கிற படத்துல நீங்க சிரிச்சிருந்தா எனக்குச் சம்மதம்'னு சொல்லி, அவங்கதான் அனுப்பி வச்சாங்க."