இரண்டு அங்குலம்

"இறக்கின வண்டியைத் திரும்ப ஏத்தித் தரணும்ணா" என்று அந்தப் பெண் கேட்டதும் மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. ஆறு மாதத்துக்கு முன் அவள் கணவர்தான் ஒற்றைக்காலில் நின்று, அந்த ஸ்போர்ட்ஸ் காரின் உயரத்தை இரண்டு அங்குலம் இறக்கிக்கொண்டு போனார்.

"வளைவுல ரோட்டைக் கவ்விக்கும், பார்க்கவும் கெத்தா இருக்கும். ஆனா பள்ளத்துல அடி தட்டும்னு அப்பவே சொன்னேன். சார் பயந்துட்டாராம்மா?"

"தட்டித்தான் கவுந்துச்சு. வண்டியைச் சரி பண்ணியாச்சுண்ணா."

"அப்புறம் எதுக்கு ஏத்தணும்?"

"சீட்டு வீல்சேர் உயரத்துக்கு வரணும். இல்லேன்னா அவரை என்னால தூக்கி மாத்த முடியலை."

மெக்கானிக் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உண்மையில், வந்த வேலை கைவிட்டுப் போய்விடுமே என்று, பள்ளத்தைப் பற்றி அன்று அவர் வாயே திறந்திருக்கவில்லை.